வலிக்காத பல்லை எதற்குக் காட்ட வேண்டும்?

பல் வலித்தால்தான் பல் மருத்துவர் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். வலி வந்ததும் கிராம்பை வைத்து அமுக்கி, இரண்டு பனடோல் போட்டு, அடங்கிவிட்டால் அந்தப் பக்கம் மெல்லாமல் காலத்தை ஓட்டிவிடுவோம். சிக்கல் என்னவென்றால், வாயில் வரும் இரண்டு பெரிய நோய்களான சொத்தையும் ஈறு நோயும் வலியோடு தொடங்குவதில்லை. வலிக்கும் நேரத்தில் அவை பாதி வேலையை முடித்திருக்கும்.

பல்லின் வெளிப்புறமான எனாமலில் நரம்பு கிடையாது. சொத்தை அதற்குள் இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினை எட்டியபின் ஐஸ் தண்ணீர் பட்டால் சுருக்கென்றும் இனிப்பு பட்டால் கூச்சமாகவும் இருக்கும். அதற்கும் உள்ளே, நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பல்கூழைத் தொட்டபிறகுதான் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த வலி. முதல் கட்டத்தில் பிடித்தால் ஃபுளோரைடும் பழக்க மாற்றமும் போதும். இரண்டாவதில் ஓர் அடைப்பு. மூன்றாவதில் வேர் சிகிச்சை, அதன்மேல் உறை, அல்லது பிடுங்கிவிடுவது. சிங்கப்பூரில் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சையும் உறையும் சேர்ந்தால் பில் ஆயிரக்கணக்கில் வரும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஈறு நோய் இன்னும் அமுக்கமானது. பல்லைத் தாங்கும் எலும்பு வருடக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும், ஆள் இரண்டு பக்கமும் முறுக்கு கடித்துக்கொண்டே இருப்பார். பல் ஆடுகிறது என்று வரும்போது காப்பாற்ற எலும்பு மிச்சம் இருக்காது.

இரண்டுக்கும் மூலம் ஒரு படலம். துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின்மேல் மெல்லிதாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் கிருமிகள் அதில் குடியேறுகின்றன. காலையில் எழுந்து நாக்கால் தடவினால் பல்லின்மேல் மெத்தென்று ஒரு பூச்சு தெரிகிறதல்லவா, அதுதான். இந்த நிலையில் பிரஷ் போதும். விட்டுவைத்தால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் இறுகத் தொடங்கும். இரண்டு வாரத்தில் கெட்டியாகிவிடும். அதைத்தான் காரை என்கிறோம். காரையைப் பிரஷ் அசைக்காது. எந்தப் பற்பசையும் கரைக்காது. வீட்டில் ஊசி, ஊக்கு, இணையத்தில் விற்கும் எஃகுக் கொக்கி இவற்றால் சுரண்டுகிறவர்கள் ஈறைக் கிழித்துக்கொள்வதும் வேரில் கோடு போடுவதும்தான் மிச்சம்.

காரை வாய் முழுக்க ஒரே மாதிரி படிவதில்லை. கீழ் முன்பற்களின் உட்புறமும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கமும்தான் அதற்குப் பிடித்த இடங்கள். எச்சில் சுரப்பிகளின் வாய்கள் சரியாக அங்கேதான் திறக்கின்றன. கண்ணாடியில் பார்த்தால் முன்பக்கம் பளிச்சென்று இருக்கும்; உள்ளே நாக்கின் பக்கம் பல்லுக்குப் பல் சந்து தெரியாமல் மஞ்சளாகப் பூசியிருக்கும். நுனி நாக்கால் தடவினாலே தெரிந்துவிடும்.

காரையால் வரும் கேடு அதன் சொரசொரப்பில் இருக்கிறது. புதுப்புதுப் படலம் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்து ஈறு சிவந்து, வீங்கி, துலக்கும்போது ரத்தம் கசியும். இது ஈறு அழற்சி. இதுவரை எல்லாம் திருத்தக்கூடியது. படலத்தை ஒழுங்காக எடுத்தால் ஓரிரு வாரத்தில் ஈறு பழைய இளஞ்சிவப்புக்குத் திரும்பும். படலம் ஈறுக்குக் கீழே இறங்கி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பை உண்டாகி, எலும்பு கரையத் தொடங்கினால் கதை வேறு. அந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. சிகிச்சையால் அந்த அளவோடு நிறுத்தலாம், அவ்வளவே.

இந்த இடத்தில் பலரும் தலைகீழாக ஒன்று செய்கிறார்கள். ரத்தம் வருகிற இடம் புண் என்று நினைத்து, அங்கே பிரஷ் படாமல் ஒதுக்கிவிடுகிறார்கள். ரத்தம் வருவதே அங்கே படலம் சேர்ந்திருப்பதால்தான். மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தை இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும். புகைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், உள்ளே நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அதிகம் வராமல் போகலாம். “எனக்கு ஈறில் ரத்தமே வந்ததில்லை” என்று புகைப்பவர் சொன்னால் அதை நற்செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது.

பரிசோதனை வேறு, சுத்தம் வேறு. கிளீனிங் என்று ஒரே சொல்லில் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறோம். இரண்டில் எது பெரிது என்றால் பரிசோதனைதான்.

நல்ல பரிசோதனை கேள்வியில் தொடங்கும். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை இருக்கிறதா, புகை, வெற்றிலை பாக்கு உண்டா என்று கேட்பார்கள். அடுத்து பல்லைத் தொடுவதற்கு முன் மற்ற இடங்கள்: உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கைத் தூக்கி அடிப்பகுதி. வாய்ப் புற்றுநோயைத் தேடும் பார்வை இது. ஓரிரு நிமிடம்தான் ஆகும், வலியும் கிடையாது. வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடித்த தேமல், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண் இவை தெரிந்தால் மேற்கொண்டு அனுப்புவார்கள். வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு இது முக்கியம். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டது. ஆனால் புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. காரமான குழம்பு பட்டால் வாய் எரிவதும், வாயை முன்போல அகலமாகத் திறக்க முடியாமல் போவதும் பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகுவதன் அறிகுறிகள். வலி இல்லையென்றாலும் உடனே காட்ட வேண்டியவை.

பிறகு பற்கள். மருத்துவர் ஒவ்வொரு பல்லிலும் காற்றடித்து உலர்த்துவார். எச்சில் ஈரத்தில் தொடக்கச் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்தால்தான் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். பழைய அடைப்புகளின் ஓரம் பெயர்ந்திருக்கிறதா, இரவில் பல் நறநறவென்று கடிப்பதால் தேய்ந்திருக்கிறதா, எங்காவது கீறல் உண்டா என்பதையும் பார்ப்பார்.

அடுத்ததுதான் பலரும் கவனிக்காமல் விடும் கட்டம். நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டை உள்ள ஒல்லியான கம்பி ஒன்றை ஈறின் ஓரமாக மெதுவாக இறக்கி, பல்லைச் சுற்றி நடத்துவார்கள். அந்தக் கம்பியில் 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர்வரை ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை எண் கொடுப்பார்கள். 0 என்றால் நலம். 1 என்றால் தொட்டதும் ரத்தம். 2 என்றால் காரை இருக்கிறது, ஆனால் பட்டை முழுதாகத் தெரிகிறது. 3 என்றால் பட்டையில் பாதி ஈறுக்குள் மறைந்துவிட்டது. 4 என்றால் பட்டையே காணவில்லை, பை 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழம். நாற்காலியில் இருந்து இறங்கும்போது “என் எண்கள் என்ன?” என்று கேளுங்கள். “கொஞ்சம் காரை இருக்கு, நல்லா துலக்குங்க” என்பதைவிட அந்த ஆறு எண்கள் ஆயிரம் மடங்கு பயன். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மருத்துவரை மாற்றினாலும் கையில் இருக்கும்.

எக்ஸ்ரே எல்லா முறையும் தேவையில்லை. ஆனால் இரண்டு பற்கள் முட்டிக்கொள்ளும் சந்தில் உண்டாகும் சொத்தையைக் கண்ணாலும் கம்பியாலும் பிடிப்பது கடினம். சிறு தகட்டைக் கடித்துக்கொண்டு எடுக்கும் படம் அதற்காகத்தான். ஆபத்து குறைந்த பெரியவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். அடிக்கடி சொத்தை வருகிறவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் வேண்டும். கதிர்வீச்சு அச்சம் பலருக்கு உண்டு. இப்போதைய டிஜிட்டல் கருவியில் இப்படியொரு படத்தின் அளவு சில மைக்ரோசீவர்ட். சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் நம்மேல் படுவதை ஒட்டியது. கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி சுத்தம். கையில் பிடிக்கும் கருவியின் உலோக நுனி நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்ந்து காரையை உடைக்கிறது. அதிர்வில் சூடு வரும் என்பதால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உதவியாளர் உறிஞ்சிக் குழாயோடு நிற்பார். கீச்சென்ற சத்தம்தான் பலரைப் பயமுறுத்துகிறது. மூக்கால் மூச்சு விட்டு, தண்ணீரைத் தொண்டைக்குப் போகவிடாமல் நாக்கைப் பின்னால் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்துவார்கள். சந்துகளில் மிஞ்சியதைக் கொக்கி வடிவக் கைக்கருவியால் எடுப்பார்கள். கடைசியில் ரப்பர் கிண்ணமும் சற்றே மணலான பசையும் கொண்டு, அல்லது நுண்பொடியைக் காற்றோடு அடித்து மெருகேற்றுவார்கள். சில பொடிகளில் சோடியம் இருக்கும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

மெருகேற்றுவது தேநீர், காப்பி, வெற்றிலைக் கறையை எடுக்கும். பல்லின் சொந்த நிறத்தை மாற்றாது. வெண்மையாக்குவது தனிச் சிகிச்சை, தனிக் கட்டணம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் உள்ள பழுப்புத் திட்டும் சுத்தத்தில் போகாது. அது மேலே ஒட்டிய கறையன்று, பல் உருவாகும்போதே எனாமலுக்குள் ஏறியது. போகவில்லையே என்று மருத்துவரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

சொத்தையைத் தடுக்கப் பல்லின்மேல் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ் தடவினால் அன்று சில மணி நேரம் சூடானதும் கடினமானதும் சாப்பிடாமல், சொன்ன நேரம்வரை துலக்காமல் இருங்கள். அதன் ஃபுளோரைடு அளவு 22,600 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு. பற்பசையில் 1,000 முதல் 1,500 வரை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே சிறிதளவு ஃபுளோரைடு கலக்கிறார்கள். அதனால் சொத்தை இல்லாமல் இருப்பவர் எல்லாருக்கும் ஒவ்வொரு முறையும் வார்னிஷ் அவசியம் என்றில்லை. வேண்டுமா என்று கேளுங்கள்.

“கிளீனிங் பண்ணா பல் ஆடிடும்” என்ற பேச்சுக்கு வருவோம். எலும்பு கரைந்த வாயில் காரை பல்லுக்குப் பல் கல் சுவராக நின்று ஆடும் பற்களைப் பிணைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. வீங்கிய ஈறு வடிந்து சுருங்குவதால் பற்களுக்கு நடுவே சந்தும் தெரியும்; மூடியிருந்த வேர் வெளியே வருவதால் சில நாள் கூசும். கூச்சத்துக்கான பற்பசையால் துலக்கிவிட்டு, அதையே கொஞ்சம் விரலால் தேய்த்து விட்டால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். ஒரு நாள் லேசான ரத்தக் கசிவு இயல்பு. காய்ச்சல், முக வீக்கம், நிற்காத ரத்தம் இயல்பன்று. திரும்பப் போக வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கைப் பற்றி ஒளிக்காமல் பேசுவது நல்லது. எல்லாருக்கும் பொருந்தும் மந்திர எண் அது இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கடுமையான ஈறு நோய் இல்லாமல் ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போய்வரும் பெரியவர்களுக்கு, ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை வழக்கமாகச் சுத்தம் செய்ததால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈறு நலத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றது. காரை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவே. 2020இல் வந்த இன்னொரு தொகுப்பு, அப்படிப்பட்ட பெரியவர்களில் ஆறு மாத இடைவெளிக்கும் அவரவர் ஆபத்தைப் பொறுத்த இடைவெளிக்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை. பிரிட்டனின் வழிகாட்டி பெரியவர்களுக்கு 3 முதல் 24 மாதம்வரை, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 3 முதல் 12 மாதம்வரை என்று இடம் கொடுக்கிறது. ஆனால் பத்து ஆண்டாகப் போகாதவர் இதைப் படித்துவிட்டு “பார்த்தியா, தேவையே இல்லை” என்று சொல்ல முடியாது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

எங்கள் கருத்து: முதலில் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்து, உங்கள் எண்களைப் பார்த்துவிட்டு இடைவெளியை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஆறு எண்களும் 0, 1, புதுச் சொத்தை இல்லை, புகை இல்லை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை தாராளம். 3, 4 வந்தால் சாதாரணச் சுத்தம் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேரைச் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வருகை ஆகும். அதன்பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. கட்டணமும் வேறு, தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இடைவெளியைக் குறைக்க வேண்டியவர்கள் சிலர் உண்டு. முதலில் நீரிழிவு உள்ளவர்கள். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம் என்பதால் இது நம் வீட்டு விஷயம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாகப் பரவும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் வர மறுக்கும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) சராசரியாக 0.3, 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. சின்ன எண்ணாகத் தோன்றலாம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அடுத்த மாத்திரையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் எல்லையில் இருப்பவருக்கு அது சின்னதில்லை.

அடுத்து வாய் உலர்பவர்கள். ரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு இவற்றுக்கான மருந்துகளில் பல எச்சிலைக் குறைக்கும். எச்சில்தான் அமிலத்தைக் கழுவி, எனாமலுக்குச் சுண்ணாம்பைத் திருப்பித் தருகிறது. அது குறைந்தால் ஈறு ஒதுங்கிய வேரில் சொத்தை மளமளவென்று வரும். சர்க்கரை இல்லாத கம் மெல்வது எச்சிலைத் தூண்டும். 1992 முதல் சூயிங்கம்முக்குத் தடை உள்ள ஊரில் இது வேடிக்கையாக இருக்கலாம். 2004 முதல் மருத்துவப் பயனுள்ள கம்மை மருந்தாளரிடமோ பல் மருத்துவரிடமோ வாங்கலாம்.

மூன்றாவது, நாள் முழுக்கக் கோப்பையோடு இருப்பவர்கள். எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு இனிப்பு மிடறுக்குப் பிறகும் வாயின் பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது) 5.5க்குக் கீழே இறங்கி, மீள அரை மணி நேரமோ கூடுதலாகவோ ஆகும். ஒரு தே தாரிக்கைப் பத்து நிமிடத்தில் குடித்து முடிப்பவரைவிட, மேசையில் வைத்து இரண்டு மணி நேரம் உறிஞ்சுகிறவரின் பல்தான் அதிகம் கரையும். நடுவில் வருவதைப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்காக மாற்றினாலே பெரிய மாற்றம்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். குழந்தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடத் தேவையில்லை. நான்கு முதல் ஆறாம் மாதம்வரை நாற்காலியில் படுத்துச் சிகிச்சை பெற வசதியான காலம்.

குழந்தைகளுக்கு முதல் பல் வந்ததும், தாமதமானால் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டலாம். “பால் பல்தானே, விழத்தானே போகுது” என்பார்கள் தாத்தா பாட்டி. ஆனால் பின்பக்கப் பால் பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. இன்னொன்று: ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் சத்தமில்லாமல் முளைக்கும். அதைப் பெற்றோர் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது வாழ்நாள் பல். அதன் ஆழமான பள்ளங்களை அடைப்புப் பூச்சால் மூடுவது சொத்தையைத் தடுக்கும் மலிவான வழிகளில் ஒன்று. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பள்ளிப் பல் சேவை அழைத்துப் பார்க்கும்; ஒப்புதல் படிவம் வந்தால் பையிலேயே கசங்க விடாதீர்கள்.

எங்கே போவது? பலதுறை மருந்தகங்கள் பலவற்றில் பல் பிரிவு உண்டு. குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு, ஆனால் வழக்கமான சுத்தத்துக்குக் காத்திருப்பு நீளம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழே உள்ள தனியார் பல் மருந்தகங்களில் பல, அரசு மானியம் தரும் சாஸ் திட்டத்தில் இருக்கின்றன. அதில் குறைந்த வருமானத்தினருக்கான நீல அட்டைக்காரர்களுக்கும், மூத்தோருக்கான முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறைச் சலுகை பெறுகிறவர்களுக்கும் பரிசோதனை, சுத்தம் இரண்டுக்கும் கழிவு உண்டு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஆண்டு வரம்பு இருப்பதால், இந்த ஆண்டு எவ்வளவு மீதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் உதவித்தொகைக் கட்டணம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகம் அல்லது சாஸ் பல் மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் தேவை. மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவ் ஞானப்பல் அறுவை, பல் பதியம் (இம்பிளான்ட்) போன்ற அறுவைச் சிகிச்சைகளுக்கு உதவும். வழக்கமான சுத்தத்துக்கு எடுக்க முடியாது. வேலையிடக் காப்பீட்டில் பல் பிரிவு இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். இருந்தும் ஆண்டு முடிவில் வீணாகப் போகிறவை ஏராளம்.

தொலைபேசியில் நேரம் வாங்கும்போதே விலையைப் பிரித்துக் கேளுங்கள்: ஆலோசனைக் கட்டணம் தனியா, காரை எடுப்பது, மெருகேற்றுவது, ஃபுளோரைடு எல்லாம் சேர்ந்ததா, எக்ஸ்ரே எவ்வளவு, 9 விழுக்காடு பொருள், சேவை வரி உள்ளடங்கியதா. விளம்பரத்தில் மலிவாகத் தெரிவது கடைசியில் ஏறுவது இந்த இடங்களில்தான்.

போகும் நாளில் மருந்துப் பட்டியலைக் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்றவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது, சொன்னால் போதும். செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள், பல் பிடுங்கும் பேச்சு வந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. முழுப் பல்செட் போட்டவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை போகலாம். சொத்தை வர அங்கே பல் இல்லை, ஆனால் நாக்கும் கன்னமும் இருக்கின்றன. செட் உரசி உண்டாகும் புண்ணையும் ஆறாத வேறு புண்ணையும் பிரித்துப் பார்க்க ஒரு கண் வேண்டும். செட்டையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டுக் கண்ணாடித் தம்ளரில் விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.